கோலா விதை: நைஜீரியாவில் இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எனுகுவில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். போன புதிதில், கூட வேலை செய்த, அந்தப் பகுதி இக்போ இனத்து நண்பர் தன் கிராமத்துக்கு அழைத்துப் போனார். உட்கார்ந்ததும் ஒரு மரத்தட்டு வந்தது. அதில் இளஞ்சிவப்பில் நாலைந்து கோலா விதைகள் (விருந்தாளிக்கு மெல்லக் கொடுக்கிற மரக்கொட்டை), பக்கத்தில் நிலக்கடலையும் காரமும் சேர்த்து அரைத்த விழுது. தட்டு நேராக என்னிடம் வரவில்லை. பெரியவர்கள் ஒவ்வொருவர் கையாகச் சுற்றி, வீட்டுக்காரரிடமே திரும்பிப் போனது. அப்புறம் இருப்பதிலேயே மூத்தவர் ஒரு விதையைக் கையில் ஏந்தி இக்போ மொழியில் நெடுநேரம் வேண்டினார். எனக்காகக் கொஞ்சம் ஆங்கிலத்தில் சொல்லலாமே என்று நண்பரிடம் மெதுவாகக் கேட்டேன். "ஓஜிக்கு ஆங்கிலம் புரியாது" என்றார். ஓஜி என்றால் கோலா. அந்த ஊர்ப் பக்கம் எல்லோரும் சொல்கிற பேச்சு அது.

பிளந்ததும் பருப்புகளை எண்ணினார்கள். நாலு இருந்தன. ஏக்கே, ஓரியே, அஃபோ, இன்க்வோ என்று அவர்கள் வாரத்துக்குச் சந்தை நாள் நாலு, அதனால் எல்லோர் முகத்திலும் சந்தோஷம். எனக்குக் கிடைத்த துண்டு கடும் கசப்பு. ஆனால் மென்ற பிறகு குடித்த தண்ணீர், நெல்லிக்காய் தின்ற வாய் மாதிரி இனித்தது.

காப்பியில் இருக்கிற அதே காஃபீன் இதிலும் இருக்கிறது. பசியும் தூக்கமும் தள்ளிப்போக, ராத்திரி வண்டி ஓட்டுபவர்கள் மெல்லுவார்கள். ஒரு நாள் சாயங்காலம் முழு விதையைத் தின்றுவிட்டு விடியும்வரை புரண்டுகொண்டிருந்தேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தயவுசெய்து தொடாதீர்கள்.

பதில்:
நான் இருந்தது வடக்கே கானோ நகரம். அங்கே ஹவுசாக்காரர்கள் 'கோரோ' என்பார்கள். அது இரண்டாகப் பிளக்கிற வேறு வகை. அந்த வறண்ட பூமியில் மரம் வளராது, எல்லாம் தெற்கிலிருந்து வருவதுதான். ஈரம் காயாமல் பச்சை இலை சுற்றிக் கூடையில் வைத்திருப்பார்கள். எங்கள் வாட்ச்மேன் தாத்தாவுக்குப் பல்லெல்லாம் செங்காவி. பேத்தி கல்யாணத்துக்கு என் கையில் இரண்டு கோரோ வைத்தார், அதுதான் அழைப்பு.

பதில்:
எனக்குப் பழக்கம் கசப்புக் கோலா. லாகோஸில் இருமல் விடாமல் பிடித்தபோது கீழ்வீட்டு யொரூபா அம்மா 'ஒரோக்போ' என்று தந்தார். பழுப்புத் தோலைச் சுரண்டிவிட்டு மெல்ல வேண்டும். தொண்டைக்கு இதமாக இருந்தது. இருமல் போனது அதனாலா, நாளானதாலா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெயரில்தான் கோலா, உண்மையில் இது நம் குடம்புளியின் இனம். 2014இல் எபோலா வந்தபோது, இதைத் தின்றால் நோய் அண்டாது என்று பேச்சு கிளம்பி ஜனங்கள் வாங்கிக் குவித்தார்கள். ஆய்வுக்கூடச் சோதனையை வைத்துக் கிளம்பிய பேச்சு அது, மனிதர்களிடம் நிரூபணமாகவில்லை. அந்த அம்மாவே அப்போது என்னிடம் சொன்னார்: "தொண்டை கரகரத்தால் இதைத் தின்னு. காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போ."