ஆலயம் கட்டப் பணம் திரட்டிய அனுபவங்கள்: இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

தேரிக்காட்டான்
சாத்தான்குளம் பக்கம் எங்கள் ஊர். பழைய கோயில் ஒழுக ஆரம்பித்து, கமிட்டி போட்டு, புதுக்கோயிலுக்குச் சுவர் எழுப்பி முடித்திருந்த வருஷம் அது. மேலே கான்கிரீட் போடக் காசில்லை. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் கோழி, காய்கறியையெல்லாம் ஏலம் விட்டு, அதிகம் கேட்டவருக்குக் கொடுத்து, காசைக் கோயிலுக்கு எடுப்பதுதான் அந்த ஏலம்.

அன்றைக்கு ஒரு சேவல். மும்பையில் கடை வைத்திருப்பவர் ஒருவர், சென்னையில் மொத்த வியாபாரம் செய்பவர் ஒருவர், இரண்டு பேருக்கும் நடுவில் பழைய வரப்புத் தகராறு. ஆயிரத்தில் தொடங்கியது பத்து, இருபது என்று ஏறிக்கொண்டே போனது. இளவட்டங்கள் விசிலடிக்க, கமிட்டிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். ஒருத்தர் எழுந்து, "அவன் எவ்வளவு வேணும்னாலும் கேக்கட்டும், அதுக்கு மேல ஆயிரம் எம்பேர்ல போட்டுக்கிட்டே இரு" என்றார்.

ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், அதுவரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து ஏலம் போடுகிறவர் கையிலிருந்த சேவலை வாங்கிக்கொண்டார். "இது இத்தோட நிக்கட்டும். இந்தக் காசுல போட்ட கூரைக்குக் கீழ நின்னு என்னால திருவிருந்து கொடுக்க முடியாது." அவ்வளவுதான். சேவல் ஐயரம்மா கைக்குப் போய்விட்டது.

இரண்டு பேருமே அந்த வருஷம் ஒரு பைசா தரவில்லை. மழையில் கம்பியெல்லாம் துருப்பிடித்தது. கான்கிரீட் போட்டது அவர் மாற்றலாகி அடுத்த ஐயர் வந்த பிறகுதான். அவர் செய்தது விசுவாசமா, பிடிவாதமா என்று எனக்கு இன்றும் பிடிபடவில்லை.

மணியடிக்கிறவன்
பிடிவாதம்தான், இதில் என்ன சந்தேகம்? ஏலம் என்றாலே போட்டி இருக்கத்தான் செய்யும். எங்கள் சபையில் ஒரே பூசணிக்காயை எடுத்தவரே திருப்பிக் கொடுக்க, திருப்பித் திருப்பி ஏலம் போய் மாலைக்குள் நிலைக்கதவுக்கான தேக்குக்கு வழி பிறந்தது. எடுத்தவர்கள் எல்லோரும் பரிசுத்தவான்களா? மெஞ்ஞானபுரத்தில் அந்தக் காலத்து மிஷனரி ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயிலின் கோபுரம் 192 அடி. அதற்குக் கொடுத்தவன் ஒவ்வொருவனின் மனசையும் சோதித்துவிட்டா வாங்கியிருப்பார்கள்?

நாசரேத்துக்காரி
ஏலச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கட்டட நிதிக்குப் பிடி அரிசி எடுத்தோம். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக டின்னில் போடுவது. மிசோரத்துச் சபைகள் 1910 முதல் இப்படி எடுத்துத்தான் ஊழியம் நடத்துகின்றன என்று என்னோடு வேலை பார்த்த மிசோ நர்ஸ் சொல்லியிருக்கிறாள். கேட்கவே நன்றாயிருக்கிறது, இல்லையா? அரிசி வந்து சேர்ந்த பிறகு பாருங்கள். பொன்னி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எந்தக் கடைக்காரரும் தொடமாட்டார். கடைசியில் ஒரு இட்லிக் கடைக்காரம்மா மாவுக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார், அதுவும் கல் பொறுக்கிக் கொடுத்தால்தான்.

சொல்ல வந்தது அது இல்லை. வீடு வீடாக டின் கொடுத்துக்கொண்டு போனபோது ஒரு பாட்டி கையை நீட்டவே இல்லை. "எம்மா, நான் உல வச்சு வருசமாச்சு. மவன் வீட்டுலேருந்து தட்டுல சோறு வருது. பிடி அரிசிக்கு நான் எங்க போவேன்?" என்றார். என்னோடு வந்தவள், "பரவால்ல பாட்டி, நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பாட்டி முகம் சுண்டிப் போனதை நான் பார்த்தேன். நம் சபைகளில் கொடுக்க வழியில்லாதவர்களிடம் இதைத்தான் சொல்லி அனுப்புகிறோம்.

சனிக்கிழமை கோயில் வராந்தாவில் அரிசியைக் கொட்டி வைத்திருந்தோம். பாட்டி ஒரு சுளகோடு வந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. அவர் புடைக்கிற வேகத்துக்கு எங்களில் ஒருத்திக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. அது மட்டுமா, "இது யாரு வீட்டு அரிசி, இம்புட்டுக் குருணை?" என்று சத்தமாகக் கேட்டு எங்கள் செயலாளரின் மானத்தையும் வாங்கினார்.

ஓய்வுபெற்ற கணக்கர்
என் அனுபவம் சின்னது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய என் உறவுக்காரர் ஒருவர் பாசத்தில் சபைக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பிவிட்டார். அதைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மற்றவர்கள் சிக்கிக்கொள்ளக் கூடாது என்று எழுதுகிறேன்.

வளைகுடாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால், அவர்கள் தம் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் கீழ் பதிவும், டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்றே தனிக் கணக்கும் இல்லாமல் வாங்கக் கூடாது. அடுத்து, "80ஜி ரசீது (கொடுப்பவருக்கு வருமான வரிக் கழிவு தரும் ரசீது) தருவோம்" என்று நோட்டீசில் அச்சடித்துவிடாதீர்கள். ஒரு மதத்தாரின் வழிபாட்டுக்காக மட்டும் இருக்கும் அமைப்புக்குப் பொதுவாக அந்தச் சலுகை கிடையாது. சலுகை உள்ள அமைப்பாக இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கழிவு இல்லை. உண்டியலையும் உறைகளையும் எண்ணும்போது குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், அவர்கள் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. கட்டட அனுமதி கைக்கு வருமுன் அஸ்திபாரக் கல் நாட்டாதீர்கள். விசுவாசத்தோடு இறங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதும் லூக்கா 14இல்தான் இருக்கிறது.

தேரிக்காட்டான்
அண்ணாச்சி, நன்றி, இதை எங்கள் பொருளாளருக்கு அனுப்பிவிட்டேன். மணியடிக்கிறவனுக்கு ஒரு வார்த்தை. யாத்திராகமம் 36ஐ எடுத்துப் பாருங்கள். ஆண்டவருக்கு எழுப்பிய ஆசரிப்புக் கூடார வேலைக்கு வேண்டியதற்கு மேல் வந்துவிட்டது என்றதும், இனி ஒன்றும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயமெங்கும் கூறச் சொன்னார். "போதும்" என்று சொல்வதும் தலைவனுக்குள்ள வேலைதான்.

மணியடிக்கிறவன்
மோசே சொன்னது காசு மிஞ்சினபோது தம்பி. உங்கள் ஐயர் சொன்னது கூரையே இல்லாதபோது.

வள்ளக்காரன் மகன்
நான் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கன்), குமரிக் கடற்கரை. எங்கள் ஊரில் ரசீது புத்தகமெல்லாம் பிறகு வந்தது. பிடித்துவரும் மீனில் கோயிலுக்கு ஒரு பங்கு, கரையிலேயே பிரித்துவிடுவார்கள். புதுக்கோயில் அப்படித்தான் எழும்பிக்கொண்டிருந்தது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல். எங்கள் ஊரிலும் போனவர்கள் திரும்பவில்லை. கோபுரம் சாரத்தோடு பாதியில் நின்றது.

பூசை முடிந்ததும் ஃபாதர் வரவுசெலவை வாசித்தார். கட்டடக் கணக்கில் இருக்கிற காசை ஆள் போன வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்வி, நானும் கை தூக்கினேன். முன்வரிசையில் ஒரு அக்கா எழுந்தார். வீட்டுக்காரரின் உடல்கூடக் கிடைக்கவில்லை அவருக்கு. "அது அவரு குடுத்த பங்கு ஃபாதர். அதுல கைவைக்காதீங்க" என்றார். ஃபாதருக்குப் பதில் வரவில்லை. தூக்கிய கையை என்ன செய்வதென்று எங்களுக்கும் தெரியவில்லை.

பிறகு பேசிப் பேசி, கட்டட வேலையை ஒரு வருஷம் நிறுத்தி, வந்துகொண்டிருந்த மீன் பங்கை மட்டும் அந்த வீடுகளுக்கு விட்டார்கள். பழைய காசு அப்படியே வங்கியில் இருந்தது. அந்த அக்கா தன் பங்கை வாங்கிக்கொண்டார், பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசு. கோபுரத்தை முதலில் சொன்ன உயரத்துக்குக் கட்டவில்லை, குறைத்துவிட்டார்கள். அதில் இன்னும் ஊருக்குள் சிலருக்கு ஃபாதர் மேல் கோபம் உண்டு.