கார்டிசால் 24.6: பயப்படணுமா, தூக்கிப் போடணுமா?

நள்ளிரவு_நரி:
வயசு 34, ஐ.டி., நைட் ஷிஃப்ட். ஆபீஸ்ல பாதி விலைக்குக் கொடுத்த ஃபுல் பாடி செக்கப்ல கார்டிசால் (டென்ஷன்ல ஏறுற ஹார்மோன்) 24.6. 19.4 வரைக்கும்தான் நார்மல்னு சிவப்புல காட்டியிருக்கான். தொப்பை, தூக்கமில்லாமை, எரிச்சல் எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு இப்பதான் புரியுது. அஸ்வகந்தா ஆரம்பிச்சாச்சு.

லேப்_கோட்டு:
எத்தனை மணிக்கு ரத்தம் கொடுத்தீங்க? கார்டிசால் விடியற்காலையில ஏறி, நள்ளிரவுல அடிமட்டத்துக்கு இறங்கும். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கொஞ்சம் ஏறும். ஒரே ஒரு காலை அளவை வச்சு யாரும் குஷிங் நோய்னு, அதாவது கட்டி மாதிரி காரணத்தால கார்டிசால் எப்பவுமே அதிகமா இருக்கிற நோய்னு, சொல்றதில்லை. இராத்திரி 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன்கிற ஸ்டீராய்டு மாத்திரை 1 மில்லிகிராம் போட்டுட்டு, காலை 8 மணிக்கு ரத்தம் எடுப்பாங்க. கார்டிசால் 1.8-க்குக் கீழே இறங்கிட்டா பெரும்பாலும் குஷிங் இல்லை. 24 மணி நேர சிறுநீர்லயும் பார்க்கலாம். நள்ளிரவு எச்சில் டெஸ்ட்டும் உண்டு, ஆனா நைட் ஷிஃப்ட்காரங்களுக்கு அது சரிப்படாது.

நள்ளிரவு_நரி:
கட்டி இருந்தாத்தான் நோய், மத்ததெல்லாம் மனப்பிரமை, அப்படித்தானே? அஸ்வகந்தாவால கார்டிசால் குறையுதுன்னு ஆய்வே இருக்கு.

லேப்_கோட்டு:
இருக்கு, சின்னச் சின்ன ஆய்வுகள், ரெண்டு மூணு மாசம் பார்த்தது. சிலருக்கு ஈரலைக் கெடுத்ததும் பதிவாகியிருக்கு. உங்க டென்ஷன் பொய்னு நான் சொல்லலை. அதை அளக்கிற மீட்டர் இது இல்லைங்கறேன். குடி, மனச்சோர்வு, கட்டுப்படாத சுகர், தூக்கத்துல மூச்சு நிக்கிறது எல்லாம் இதை ஏத்தும். குறட்டை விடுவீங்களா?

கரிசல்_மகள்:
நம்பரைத் தூக்கிப் போடச் சொல்றவர் இதையும் கேளுங்க. எங்கம்மாவுக்கு மூட்டுவலி. யாரோ சொன்னாங்கன்னு ரெண்டு வருஷம் ஒரு பொடி சாப்பிட்டாங்க. முகம் உருண்டு செவந்துச்சு. வளையல் பட்ட இடமெல்லாம் கன்னிப் போச்சு. கீழே உட்கார்ந்தா நிலைக்கதவைப் பிடிக்காம எழுந்திரிக்க முடியலை. வயசாச்சு, எடை கூடிடுச்சுன்னு ரெண்டு டாக்டர் சொன்னாங்க. கார்டிசால் எடுத்துப் பார்த்தா 1.2, ரொம்பக் கம்மி! மூணாவது டாக்டர்தான் "வீட்ல இருக்கிற மருந்து எல்லாத்தையும் பையோட கொண்டு வாங்க"ன்னார். பொடியில ஸ்டீராய்டு கலந்திருக்கணும்னு சொன்னார். கார்டிசால் மாதிரியே வேலை செய்யற ஸ்டீராய்டு வெளியிலிருந்தே வந்துக்கிட்டிருந்ததால, கார்டிசாலைச் சுரக்கிற சுரப்பி தூங்கிடுச்சாம். சட்டுனு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு, மாத்திரையா மாத்தி எட்டு மாசமாக் குறைச்சாங்க.

லேப்_கோட்டு:
நான் சொன்னதுதானே இது? நம்பரை மட்டும் பார்த்திருந்தா உங்கம்மாவுக்கு ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருப்பாங்க.

கரிசல்_மகள்:
இல்லைங்க. அந்த 1.2 இல்லைன்னா அவர் பையைக் கேட்டிருக்கவே மாட்டார். டெஸ்ட் எடுக்கிறதைக் கிண்டல் பண்ணாதீங்க.

லேப்_கோட்டு:
முகத்தைப் பார்த்துட்டு எடுத்த டெஸ்ட் அது. செக்கப் பேக்கேஜ்ல இலவச இணைப்பா வந்தது இது. ரெண்டும் ஒண்ணா? நரி, தோல்ல விரல் அகலத்துக்கு ஊதாக் கோடு, மாடிப்படி ஏறத் தொடையில வலுவில்லாமை, சும்மா பட்டாலே கன்னிப்போறது, ஏதாவது இருக்கா?

நள்ளிரவு_நரி:
எதுவும் இல்லை. ரத்தம் கொடுத்தது ஷிஃப்ட் முடிஞ்சு நேரா போய், காலை ஏழரைக்கு. குறட்டைன்னா... வீட்டுக்காரம்மா ஹால்ல படுத்து ஆறு மாசம் ஆச்சு. ஆனா அஸ்வகந்தாவை விடறதா இல்லை, டப்பா 1,200 ரூபா.

லேப்_கோட்டு:
ஈரல் டெஸ்ட்டும் அந்தப் பேக்கேஜ்ல இருக்கும். அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போடுங்க, அப்புறம் டப்பாவைத் திறங்க.