மறு: ‘புஷ்’ — பூணா, உறையா, முறுக்குறையா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

செய்முறைக் கையேட்டின் பின்சக்கர சஸ்பென்ஷன் பாடம் திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இயந்திர மொழிபெயர்ப்பில் வந்த முதல் படியில் பாடத்தலைப்பு ‘தேய்ந்த இடைநீக்கப் புதர்களை மாற்றுதல்’ என்றிருந்ததைக் கண்ட பிறகே உங்களிடம் வந்தேன்; ஆங்கிலத்தில் புதருக்கும் ‘புஷ்’ என்றே பெயர். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பான சஸ்பென்ஷனுக்குரிய சொல்லை வேறோர் இழையில் பேசிக்கொள்வோம்; இங்கே அதன் துளைகளுக்குள் வளையமாக இறங்கும் உறுப்பான புஷ் மட்டும்.

‘புஷ்’ என்றே விட்டுவிடலாம் என்பவர்களின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளவில்லை. பட்டறையில் ‘புஷ் போச்சு’ என்கிறார்கள். உதிரிபாகக் கடையிலும் அதே சொல்தான். ஆனால் தமிழில் எழுதும்போது தள்ளுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே வடிவம் வருவதால், ‘பிரஸ்ஸில் வைத்துப் புஷ் செய்து புஷ்ஷை எடுக்கவும்’ என்ற வரியை (பிரஸ் என்பது அழுத்தும் எந்திரம்) ஒரு மாணவர் மூன்று முறை படித்தும் விளங்காமல் நின்றார். ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்னும் தொல்காப்பிய வழியைப் பின்பற்றிப் ‘புசு’ என்று எழுதினால் எழுத்துச் சிக்கல் தீரும். பொருள் அப்போதும் விளங்காது.

‘பூண்’ பொருந்தாது. உலக்கைக்குப் பூண் வெளியே ஏறுகிறது. புஷ் துளைக்கு உள்ளே இறங்குகிறது. ஆங்கிலச் சொல்லின் வேரைப் பழைய டச்சு வழியாகக் கிரேக்கத்தின் ‘பிக்சிஸ்’, அதாவது பெட்டி, வரை கொண்டுபோன நண்பர், புறநானூறு 102ஆம் பாடலில் உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிய ‘சேம அச்சு’, அதாவது மாற்றுச் சக்கர அச்சு, வரை வந்து ‘அச்சுப்பேழை’ என்று முடித்தார். மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று மாற்று உறுப்பைக் கட்டிக்கொண்டு போன அந்த உமணரை என் மாணவருக்குக் கட்டாயம் சொல்வேன். ஆனால் நம் புஷ்ஷின் நடுவே செல்வது அச்சு அன்று, ஒரு போல்ட் மட்டுமே.

‘உறை’யை நான் ஆதரிப்பதற்குக் காரணம் அகராதி அன்று, கிணறு. மண் சரியாமலிருக்கக் கிணற்றுக்குள் வளையங்களை வைப்பதை ‘உறை இறக்குதல்’ என்கிறோம். உறைகிணறு கீழடி அகழாய்விலும் கிடைத்திருக்கிறது. துளையின் உட்சுவராக இறங்கி நிற்கும் வளையத்துக்குத் தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. பெயர் மட்டுமன்று, அதை உள்ளே செலுத்தும் வேலைக்கு வினையும் இருக்கிறது. ‘புதிய உறையைப் பிரஸ்ஸில் வைத்து இறக்கவும்’ என்று எழுதினால் கிராமத்து மாணவருக்கு விளக்கம் தேவைப்படாது.

இனி முன்னொட்டு. ‘சுழலுறை’ என்று நேற்று மூவர் வாக்களித்தீர்கள். அதை மட்டும் ஏற்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். இந்த உறுப்பில் உள்ளே ஓர் எஃகுக் குழல், வெளியே ஓர் எஃகுக் குழல், இரண்டுக்கும் இடையே அவற்றோடு ஒட்டிப் பிணைந்த ரப்பர். போல்ட்டை இறுக்கியதும் உள்குழல் வண்டியின் உடலோடு நிலைத்துவிடுகிறது. வெளிக்குழல், பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையின் துளையில் இறுகி நிற்கிறது. சக்கரம் ஏறி இறங்கும்போது எதுவும் எதன்மேலும் சுழல்வதில்லை, ரப்பர்தான் முறுகி மீள்கிறது. சுழலும் என்று பெயரிலேயே சொல்லிவிட்டால் மாணவர் கிரீஸ் பூசுவார். சாதாரண கிரீஸில் இயற்கை ரப்பர் ஊறி உப்பிவிடும்.

எங்கள் பயிற்சி வண்டியிலேயே இதைப் பார்த்தேன். புதிய இரண்டையும் போட்டுவிட்டு, வண்டி லிப்ட்டில் சக்கரம் தொங்க நிற்கும்போதே மாணவர்கள் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கிய நாள் முதல் ரப்பர் முறுகிய நிலையிலேயே இருந்தது. சில மாதங்களில் வேகத்தடை ஏறும்போதெல்லாம் பின்பக்கம் ‘டொக்’ என்றது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் பிறைவடிவில் கிழிந்து, உள்குழல் நடுவிலிருந்து விலகியிருந்தது. விரல் நகம் அந்தப் பிளவில் இறங்கியது. வெளிக்குழலை இரும்பறுக்கும் ரம்பத்தால் நெடுக அறுத்துத்தான் எடுக்க முடிந்தது. வண்டி தன் எடையில் சக்கரத்தின்மேல் நிற்கும்போதே இறுக்க வேண்டும் என்ற விதியை ‘முறுக்குறை’ என்ற பெயர் நினைவூட்டும். ஆகவே பித்தளை புஷ் போலச் சுழல்வதற்கு இடந்தருவது ‘உறை’, ரப்பர் பிணைந்தது ‘முறுக்குறை’ என்று பிரித்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

அன்புடன்,
மோட்டார் வாகனப் பயிற்றுநர்

---

மறு: மறு: ‘புஷ்’ — பூணா, உறையா, முறுக்குறையா?

ஐயா, வணக்கம். கிணற்று உறை என்னை வென்றுவிட்டது. ‘உறை’க்கு என் வாக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை எதிர்த்தவர்களில் இருவர், திங்கட்கிழமை நெருங்குவதால் மட்டும் இசைவதாகத் தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். ‘முறுக்குறை’யில் எனக்கு இன்னும் இசைவில்லை. முறுக்கு என்றதும் முறுக்கியே வைக்க வேண்டும் என்று மாணவர் கொண்டால், நீங்கள் தவிர்க்க நினைத்த பிழையையே பெயர் கற்பித்துவிடும். ‘நெகிழுறை’ என்ற என் முன்மொழிவைத் திரும்பப் பெறவில்லை. எதை அச்சிட்டாலும், முதன்முறை வரும் இடத்தில் ‘பட்டறையில் புஷ் எனப்படும்’ என்ற தொடரைச் சேர்த்துவிடுங்கள். மாணவர் கடைக்குப் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.