வாட்ஸ்அப் குழு: “அப்பா 70 – அப்பாவைச் சேர்த்துடாதீங்க”

கதிர்: அப்பாவோட 70ஆவது பொறந்த நாளுக்கு என்ன வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டேன். மடக்குக் கத்தி. கிறிஸ் ரீவ் கம்பெனியோட செபென்சா. ரெண்டாயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல வருது. பங்கு போட்டுக்கலாமா?

அமுதா அக்கா: கத்திக்கு ரெண்டாயிரமா???

அமுதா அக்கா: சுங்கை சிப்புட் பசார்ல பத்து வெள்ளிக்குக் கெடைக்குது தம்பி

ரவி அண்ணே: அந்தப் பத்து வெள்ளிக் கத்திதான் போன வருஷம் அப்பா விரலைப் பதம் பார்த்துச்சு. நாந்தான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனேன். நாலு தையல்.

கதிர்: அதான்கா. இனிமே நல்லதா ஒண்ணு கையில இருக்கட்டும்

சின்ன மாமா: அந்தக் கத்தி இன்னும் என் பட்டறையிலதான் கெடக்கு. படம் அனுப்புறேன், பெருசு பண்ணிப் பாருங்க.

[படம்]

சின்ன மாமா: அலகோட அடியில, ஆணி இருக்குற இடத்துக்குப் பின்னால, வழவழன்னு ஒரு கோடு தெரியுதா? பிடிக்கு உள்பக்கம் ஒரு மெல்லிய தகடு இருக்கும். கத்தியை விரிச்சதும் அது வளைஞ்சு வந்து அங்கதான் முட்டுக் கொடுக்கணும். லைனர் லாக்னு சொல்வாங்க. இதுல அந்த முட்டு மொகம் தேஞ்சு சரிஞ்சு போச்சு. தகடு நுனி அரைகுறையா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. மாமா, அதான் உங்கப்பா, தேங்காய் மட்டைக்குள்ள குத்தித் திருப்பினாரு, தகடு நழுவிடுச்சு, அலகு மடங்கிடுச்சு.

ரவி அண்ணே: இடது ஆள்காட்டி விரல். இன்னைக்கும் முழுசா மடங்க மாட்டேங்குது

கதிர்: செபென்சாவுல அப்படி ஆகாது மாமா. தனித் தகடே கெடையாது. டைட்டானியம் பிடியில ஒரு பக்கத்தையே கீறி விட்டு அதையே ஸ்பிரிங்கா ஆக்கிட்டாங்க. 1987லேர்ந்து செய்யுறாங்க. இறுக்கிப் பிடிச்சா கை அழுத்தமே பூட்டு மேல விழும்.

சின்ன மாமா: நல்ல சாமான்தான், குறை சொல்லலை. பிரேம் லாக். லைனர் லாக்குக்கு அண்ணன்.

கதிர்: புதுசுல முட்டு கொடுக்குற எடத்துல சின்ன செராமிக் குண்டு ஒண்ணு வெச்சிருக்காங்க. டைட்டானியமும் இரும்பும் ஒண்ணோட ஒண்ணு ஒரசி ஒட்டிக்கும்ல, அது நடக்காம இருக்கத்தான்

சின்ன மாமா: எல்லாஞ் சரி. ஒண்ணு கேக்குறேன், நல்லா யோசிச்சுச் சொல்லு. உங்கப்பா எந்தக் கைக்காரரு?

கதிர்: …

ரவி அண்ணே: 😂😂

அமுதா அக்கா: பீச்சாங்கை! சாப்பிடுறதைத் தவிர எல்லாம் அந்தக் கைதான்

கதிர்: ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினது சோத்துக் கையாலதானே?

சின்ன மாமா: அது மரத்தோட சட்டம். பால் குழாய் பட்டைக்குள்ள லேசா வலப்பக்கமா சாஞ்சு ஏறும். அதனால கோடு இடப்பக்கம் மேலேர்ந்து வலப்பக்கம் கீழ இறங்கணும், அப்பதான் நெறைய குழாய் அறுபடும். பீச்சாங்கைக்காரனா இருந்தாலும் அந்தப் போக்குல வெட்டித்தான் ஆகணும். கங்காணிகிட்ட வசவு வாங்கித்தான் மாமா கைய மாத்திக்கிட்டாரு. வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டா மறுபடி பீச்சாங்கை.

சின்ன மாமா: இப்ப செபென்சாவுக்கு வா. மூடுறப்ப என்ன செய்யணும்? கட்டை விரலால பூட்டை ஓரமாத் தள்ளணும். தள்ளுற அந்த விரல் அலகு இறங்குற வழியிலயே நிக்கும். கொஞ்சம் இறங்கினதும் விரலை எடுத்துடணும். சோத்துக் கைக்காரனுக்குப் பழகிப் போகும். மாமாவுக்கு எல்லாம் தலைகீழ். அதுவும் மடங்காத விரலோட.

கதிர்: பீச்சாங்கைக்குன்னே தனியா செபென்சா வருது மாமா

சின்ன மாமா: வருது. ஆனா விரல் வழியில நிக்குற சமாச்சாரம் அதுலயும் மாறாதே.

அமுதா அக்கா: விரல் வழியில நிக்காத கத்தி உண்டா? அதை மட்டும் சொல்லு மாமா, மத்ததெல்லாம் எனக்குப் புரியலை

சின்ன மாமா: உண்டும்மா. பெஞ்ச்மேட் கத்திக் கம்பெனிக்காரன் 1998ல கொண்டு வந்தது, ஆக்ஸிஸ் லாக். பிடியில குறுக்கால, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஒரு சின்ன இரும்புக் கம்பி ஓடும். அலகு விரிஞ்சதும் அது முன்னால ஓடி வந்து அடிப்பாகத்துக்கு மேல ஆப்பு மாதிரி உக்காரும். மூடணும்னா கம்பியைப் பின்னால இழுத்தாப் போதும், ரெண்டு பக்கமும் குமிழ் இருக்கு. எந்தக் கையானாலும் சரி, விரல் அலகுப் பக்கமே போகாது.

கதிர்: அதுல ஸ்பிரிங் ஒடியும்னு படிச்சேனே

சின்ன மாமா: ஒடியும். மயிர் மாதிரிக் கம்பி, ரெண்டு இருக்கும். ஒண்ணு ஒடிஞ்சா இன்னொண்ணு தாங்கும். அதுக்குள்ள கொண்டாந்து குடு, மாத்திக்கலாம். பட்டறைக்காரன் வீட்டுல இருக்கான்ல 😎

ரவி அண்ணே: ஸ்பைடர்கோ கம்பெனிக் கத்தியிலயும் ஒரு பூட்டு இருக்கே, முதுகுப் பக்கம் அமுக்குறது?

சின்ன மாமா: கம்ப்ரஷன் லாக். அவங்களோட பாரா மிலிட்டரி 2ங்கிற கத்தியில வருது. முட்டுத் தகடு முதுகுல இருக்கும், அதனால விரல் அலகு வழியில வராது. எனக்குப் பிடிச்ச பூட்டு அதுதான், உண்மையைச் சொல்லணும்னா. ஆனா தகடு ஒரு பக்கமாத்தான் இருக்கு, மாமா கைக்கு வாகா வராது. பழைய பக் 110 கத்தி வெச்சிருந்தேனே, பூட்டை அமுக்க முதுகுல குழி விழுந்திருக்குமே, அது ரெண்டு கைக்கும் ஒண்ணுதான். ஆனா மூட ரெண்டு கையும் வேணும். பூட்டு மாட்டுற எடத்துல மண்ணு, பிசின் அடைஞ்சா சரியா மாட்டாது.

பெரியம்மா: [குரல் பதிவு 0:41]

அமுதா அக்கா: எல்லாருக்கும் எழுதிடுறேன். பெரியம்மா கேக்குறாங்க: உங்க சித்தப்பா வெச்சிருந்தாரே மரப்பிடி, கழுத்துல வளையம் போட்டது, அதை வாங்கினா என்ன?

சின்ன மாமா: ஓபினெல். பிரெஞ்சுக்காரன் சாமான், அந்த வளையம் 1955லேர்ந்து இருக்கு. எளிமைன்னா அதுதான். வளையத்தைத் திருப்பினா முடிஞ்சது. ஆனா நம்ம ஊரு மழைக்கு மரம் ஊதிப் போயி அலகு வெளியில வராது. உங்க சித்தப்பா மேசையில தட்டித் தட்டித் திறப்பாரு, ஞாபகம் இருக்கா? மாமா விரலுக்கு அது ஆகாது.

கதிர்: அப்ப பெஞ்ச்மேட்ல எது மாமா?

சின்ன மாமா: பக்அவுட்னு ஒண்ணு. 2017ல வந்தது, எடை 50 கிராம் சொச்சம். சட்டைப் பையில இருக்குறதே தெரியாது. பிடி நைலான் மாதிரி, இறுக்கிப் பிடிச்சா லேசா வளையும். எனக்கு அது பிடிக்காது. மாமாவுக்கு எடை கம்மியா இருந்தா நல்லதுதானே. கிளிப்பையும் கழட்டி மறுபக்கம் போட்டுக்கலாம்.

ரவி அண்ணே: வெலை?

கதிர்: செபென்சாவுல பாதிகூட வராது

அமுதா அக்கா: அப்ப நான் பங்குக்கு ரெடி

ரவி அண்ணே: ஒரு விசயம். அப்பா அதைப் பையில போட்டுக்கிட்டு டவுனுக்குக் கெளம்பிடுவாரு. ரோட் பிளாக்குல நிறுத்தினா? 1958 ஆம் வருஷத்துச் சட்டம் ஒண்ணு இருக்கு, காரணம் இல்லாம வெளியில ஆயுதம் வெச்சிருந்தா உள்ள தள்ளிடுவாங்க.

சின்ன மாமா: ஆமா லா. வீட்டோட, தோட்டத்தோட இருக்கட்டும். குடுக்கும்போதே சொல்லிடுங்க.

கதிர்: சொன்னா அவரு கேப்பாரா?

சின்ன மாமா: டவுனுக்குப் போற அன்னிக்கு நான் வாங்கி வெச்சுக்குறேன். தீட்டித் தர்றேன்னு சொன்னா தந்துடுவாரு 😄

பெரியம்மா: [குரல் பதிவு 0:12]

அமுதா அக்கா: கத்தியைக் கையில குடுக்கக்கூடாதாம், சண்டை வரும். தாம்பாளத்துல வெச்சு எடுத்துக்கச் சொல்லணுமாம்

கதிர்: சரி பெரியம்மா 🙏

ரவி அண்ணே: வெட்டிப் பாக்க ஏதாவது வேணும்ல. சனிக்கிழமை பசார்ல யாரு பப்பாளி வாங்குறா?

அமுதா அக்கா: நான். தேங்காய் மட்டைக்கு மட்டும் பாராங்கை (வெட்டுக்கத்தி) எடுத்து வெச்சிருங்க, இந்தக் கத்தியை அவரு எடுத்துடப் போறாரு