வீட்டிலேயே கடைசி நாட்கள்: மார்ஃபின், வெண்டிலேட்டர், சின்னப் பிள்ளைகள்

மூத்தவள் (கேள்வி):
தங்கை வீட்டுக்காரருக்கு 36 வயது. இரைப்பைப் புற்றுநோய் கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி கீமோவால் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெண்டிலேட்டர் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்கிறார் அவர். தெளிவாகத்தான் பேசுகிறார். பிள்ளைகளுக்கு 7 வயது, 3 வயது. மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்று அவர் அம்மாவுக்குப் பயம். குளுக்கோஸாவது ஏற்றச் சொல்கிறார். என்ன எழுதி வைக்கணும்? பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?

வலிநிவாரணச் செவிலி:
அக்கா, முதலில் வலியைப் பாருங்கள். சரியான அளவில் கொடுக்கும் மார்ஃபின் உயிரைச் சீக்கிரம் எடுக்காது. சாதாரண மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். அதனால் வலி வந்தபின் தேடாமல், மணி பார்த்துக் கொடுக்கணும். பலருக்கும் 5 முதல் 10 மி.கி.யில் தொடங்குவார்கள், சிறுநீரகம் சரியில்லை என்றால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது இடைவெளியைக் கூட்டுவார். இடையில் வலி குத்தினால் எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தேவைப்படுவது அந்த வரிதான்.

மார்ஃபினால் பெரும்பாலும் மலச்சிக்கல் வரும். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்க்கணும். இதை விட்டுவிட்டு, வயிறு உப்பி வலித்ததும் 'மார்ஃபின் ஒத்துக்கலை' என்று நிறுத்துகிறவர்கள் நிறைய. மாத்திரையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அவர் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: சாப்பாடு நின்றதால் உடம்பு அடங்குவதில்லை, உடம்பு அடங்குவதால்தான் பசி நிற்கிறது. அந்த நிலையில் குளுக்கோஸ் ஏற்றினால் கால் வீங்கலாம், தொண்டையில் சளி கூடலாம். ஈரப்பஞ்சால் வாயைத் துடைத்து, உதட்டில் வாசலின் தடவுவதை அந்த அம்மா கையிலேயே கொடுங்கள். மகனுக்கு ஏதாவது செய்யணும் என்ற தவிப்பு அவருக்கு இருக்கும். தொண்டையில் கறகற சத்தம் கேட்டால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், போதும். மூச்சு வாங்கினால் முகத்துக்கு நேராகச் சின்ன மின்விசிறி.

தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இப்போதே பெயர் கொடுங்கள்.

நோட்டரி குமாஸ்தா:
அவர் தெளிவாக இருக்கும்போதே லிவிங் வில் (எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் பத்திரம்) எழுதிவிடுங்கள். 2018 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டது. 2023 ஜனவரியிலிருந்து இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எந்தச் சிகிச்சை வேண்டாம், அவரால் பேச முடியாதபோது யார் முடிவெடுப்பது என்பதைப் பெயரோடு எழுதுங்கள். பிரதி டாக்டரிடமும் இருக்கட்டும்.

பதறிப்போய் ஆம்புலன்ஸ் கூப்பிட்டு, வெண்டிலேட்டரும் போட்டுவிட்டால், அதை எடுக்க ஆஸ்பத்திரியின் இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பணும். அதனால் மூச்சுத் திணறினால் முதலில் யாருக்குப் போன் செய்வது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும்.

வீட்டில் இறந்தால், பார்த்துவந்த டாக்டரிடம் 4ஏ படிவத்தில் இறப்புக் காரணம் வாங்கி, 21 நாளுக்குள் பதியுங்கள். வங்கி, பி.எஃப். நாமினியை இந்த வாரமே சரிபார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் கொடுத்த பெயரே பல இடங்களில் கிடக்கும்.

குழந்தை ஆலோசகர்:
"அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். மருந்தால் இனி குணமாகாது. அப்பா இறந்துபோவார்." இப்படியே சொல்லுங்கள். 'தூங்கிட்டார்' என்றால் பெரியவன் தூங்கவே பயப்படுவான்; 'ஊருக்குப் போயிருக்கார்' என்றால் சின்னது வாசலிலேயே நிற்கும். நீ செய்த எதனாலும் இது வரவில்லை, தொட்டால் ஒட்டாது, உன்னை அம்மா பார்த்துக்கொள்வாள் – அவன் கேட்காவிட்டாலும் இந்த மூன்றையும் சொல்லுங்கள். 3 வயதுப் பிள்ளை தினமும் கேட்கும், தினமும் அதே பதில்தான். வகுப்பாசிரியரிடமும் சொல்லி வையுங்கள். சடங்கின்போது என்ன நடக்கும் என்று முன்பே விளக்கி, வர விருப்பமா என்று கேளுங்கள். கூடவே இருக்க ஒரு பெரியவர் வேண்டும், அது தங்கையாக இருக்க வேண்டாம்.

மூத்தவள்:
மிக்க நன்றி. மாத்திரை விழுங்க முடியாமல் போனால் பொடித்துக் கொடுக்கலாமா?

வலிநிவாரணச் செவிலி:
சாதாரண மாத்திரையென்றால் பொடித்துத் தண்ணீரில் கலக்கலாம். அட்டையில் 'எஸ்.ஆர்.' (SR, மருந்தை மெதுவாக விடும் வகை) என்று இருந்தால் பொடிக்கவே கூடாது. பல மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். துளி நீரும் இறங்காதபோது தோலுக்கடியில் சின்ன ஊசி பொருத்தி அதன் வழியே கொடுப்பார்கள். வீட்டுக்கு வரும் செவிலியரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.