எழுதும்போது உள்ளே இருந்து குறை சொல்பவரோடு உங்கள் அனுபவம்?

அரைப்பக்கம்

கதை தேர்வாகி, மெய்ப்பும் வந்துவிட்டது. திருத்தி அனுப்ப ஒரு ராத்திரிதான் அவகாசம். பாதி படிப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது, நம் எல்லோருக்கும் தெரிந்த அதே குரல். 'இதையா அச்சில் பார்க்கப் போகிறாய்?' நள்ளிரவு தாண்டி ஆசிரியருக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டேன்: கதை சரியில்லை, திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

விடிந்ததும் பதில் வந்தது. கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. 'எந்த வரி?' என்று மட்டும் கேட்டிருந்தார்.

பென்சிலை எடுத்துக்கொண்டு தேட உட்கார்ந்தேன். முதல் பத்தியில் ஒரு 'மற்றும்' உறுத்தியது. பின்னால் ஒரு இடத்தில், ஏற்கெனவே சாத்திய கதவை அதே ஆள் மறுபடியும் சாத்துகிறார். அவ்வளவுதான் கிடைத்தது. ராத்திரி முழுக்க எல்லாமே குப்பை என்று கத்தியவர், எந்த வரி என்று கேட்டதும் வாயே திறக்கவில்லை. கதை வெளிவந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் போடவில்லை. போடவும் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி?

மார்ஜின்

எனக்கு நேர் எதிர். மோசமாக எழுதினால் என்னுடையவர் எட்டியே பார்க்க மாட்டார். நல்ல வரி ஒன்று விழுந்தால்தான் வருவார்.

பள்ளியில் கட்டுரை நோட்டின் ஓரத்தில் ஒருவர் சிவப்பு மையில் 'இதை நீயேதான் எழுதினாயா?' என்று எழுதினார். அழுத்தி எழுதியதில் அந்தக் கேள்விக்குறியின் தடம் அடுத்த பக்கத்திலும் விழுந்திருந்தது. போன வருடம் ஒரு கதையின் கடைசி வரி யோசிக்காமலே வந்து உட்கார்ந்தது. உடனே அதே கேள்வி. என்ன செய்தேன் தெரியுமா? என் வரியையே மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடினேன். யாராவது முன்பே எழுதியிருப்பார்கள், எனக்குத்தான் எங்கோ படித்தது மனதில் தங்கிவிட்டது என்ற பயம். முடிவு எதுவும் இல்லை என்று வந்தது. நிம்மதி வந்திருக்க வேண்டும் இல்லையா? சொற்களை முன்பின்னாக மாற்றிப் போட்டு மறுபடியும் தேடினேன்.

பழைய நாற்காலி

இருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எனக்கும் ஒரு நாவல் பாதியில் நிற்கிறது, திறந்தாலே அந்த ஆள் வந்துவிடுவார். அது கிடக்கட்டும்.

இது பெரிய ஆட்களுக்கும் உள்ளதுதான். பாற்கடலை நக்கியே குடித்து முடிக்கப் போன பூனை என்று கம்பனே தன்னைச் சொல்லிக்கொள்கிறான். அவனுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்? அதனால் பயப்படாதீர்கள். இரண்டு வழி சொல்கிறேன்.

நன்னூலில் பவணந்தியார் பத்துக் குற்றம் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்று போகும். எழுதி மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவர் 'நன்றாக இல்லை' என்றால், இதில் எது என்று கேளுங்கள். சொல்ல முடிந்தால் அது உருப்படியான விமர்சனம், திருத்துங்கள். முடியாவிட்டால் அவரை வெளியே அனுப்புங்கள். அரைப்பக்கம் அவர்களின் ஆசிரியர் கேட்டதும் இதைத்தான்.

அப்புறம், 2014-ல் ஈதன் கிராஸ் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மேடைப் பேச்சு மாதிரி பதற்றமான வேலைக்கு முன்னால் 'நான் என்ன செய்வேன்' என்று புலம்பாமல், தன்னைத் தன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பேசிக்கொண்டவர்கள் அதை மேலாகச் சமாளித்திருக்கிறார்கள். எழுதுமுன் செய்து பாருங்கள். தினமும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். எழுதும் அன்றே திருத்தாதீர்கள். முதல் வரைவை யாருக்கும் காட்டாதீர்கள், முக்கியமாக வீட்டில்.

இரண்டாம் பதிப்பு

பழைய நாற்காலி, கம்பனை இதற்குள் இழுக்காதீர்கள். அது அவையடக்கம். அவைக்கு முன் பணிந்து தொடங்குவது மரபு. பூனை என்று சொல்லிவிட்டுப் பத்தாயிரம் பாட்டுப் பாடியவனை, ராத்திரி இரண்டு மணிக்கு ஆசிரியருக்கு மின்னஞ்சல் போடுகிறவரோடு ஒன்றாக நிறுத்த முடியாது. தன்னைத் தாழ்த்திக்கொள்வதும் தன்னை நம்பாததும் வேறு வேறு. அந்தப் பாட்டில் 'ஆசை பற்றி' என்கிறானே, எனக்கு அதில் பயம் தெரியவில்லை, தைரியம்தான் தெரிகிறது.

என் அனுபவம்: பரிசு ஒன்று கிடைத்தது. மேடையில் கேடயத்தைக் கையில் கொடுத்ததும் நான் பார்த்தது கேமராவை அல்ல, அதில் பொறித்திருந்த பெயரை. எழுத்தெழுத்தாகப் படித்தேன். என் பெயர்தான். வீட்டுக்கு வந்தபிறகு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலே வயிற்றைக் கலக்கும். 'மன்னிக்கவும், தவறு நடந்துவிட்டது' என்று யாரோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. அடுத்த கதை எழுத உட்கார்ந்ததும் குரல் முன்பைவிடச் சத்தமாக வந்தது, இப்போது அதற்குக் காட்டிப் பேச ஒரு கேடயம் வேறு இருக்கிறது.

நாலு பேர் பாராட்டினால் சரியாகிவிடும் என்பவர்கள், பாலின் கிளான்ஸும் சுசான் ஐம்ஸும் 1978-ல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படியுங்கள். அவர்கள் பார்த்தது தோற்றவர்களை அல்ல. படிப்பிலும் வேலையிலும் நன்றாக முன்னேறிய பெண்களை. எல்லாவற்றையும் சாதித்த பிறகும், ஊரை ஏமாற்றிவிட்டோம், என்றாவது பிடிபடுவோம் என்றே அவர்கள் நினைத்திருக்கிறார்கள்.

வெள்ளைத்தாள்

நடுவில் வந்து கெடுக்கிறேன். 1974-ல் டெனிஸ் அப்பர் என்ற உளவியலாளர், எழுத முடியாமல் போன தன் நிலைக்குத் தானே சிகிச்சை செய்து தோற்றதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தலைப்பு இருக்கும், கீழே கட்டுரை இருக்காது, வெறும் தாள். எலுமிச்சைச் சாறு, எக்ஸ்ரே எல்லாம் வைத்துப் பார்த்தும் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பையும் கூடவே அச்சிட்டார்கள். என்னுடையவரைத் திருப்திப்படுத்தும் கட்டுரை அது ஒன்றுதான். நான் எழுதாத நாட்களில் அவர் என்னிடம் மிகவும் அன்பாக இருப்பார்.

மார்ஜின்

பழைய நாற்காலி, பட்டியலை ஒட்டிப் பார்த்தேன். என் கதையில் கூறியது கூறல் அகப்பட்டது, நன்றி, வெட்டிவிட்டேன். உங்கள் பதிவில் மற்றொன்று விரித்தல் இருக்கிறது. நான் வழி கேட்கவே இல்லையே. 'நீயேதான் எழுதினாயா' என்பது எந்தக் குற்றத்தில் வரும்? பத்தில் எதிலும் வராது. அது எழுத்தைப் பற்றிய கேள்வியே இல்லை. வெளியே போ என்றாலும் போக மாட்டேன் என்கிறார்.

பழைய நாற்காலி

சரி, ஆலோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கம்பனை அல்ல. ஆசை இருக்கிற இடத்தில் பயம் இருக்காது என்று யார் சொன்னது?

ஒருவிசை

கம்பன் சண்டையை நீங்கள் தொடருங்கள். எனக்கு நடந்தது இது. எழுதுவதைக் கண்ணால் பார்த்தால்தானே குறை சொல்வார் என்று திரையை முழுக்க இருட்டாக்கிவிட்டுத் தட்டச்சு செய்தேன். அற்புதமாக ஓடியது. ஒரு சத்தம் இல்லை. ஓர் அத்தியாயமே முடிந்த மாதிரி இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் கை ஒரு விசை தள்ளி உட்கார்ந்திருக்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை. குரல் உடனே வந்து 'ஒன்றும் புரியவில்லை' என்றது. முதல் தடவையாக அது சொன்னது சரிதான், என்னால் மறுக்க முடியவில்லை. விசைப்பலகைப் படத்தை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக மாற்றி எழுதி மீட்டேன். பாதிக்கு மேல் அப்படியே நாவலில் இருக்கிறது.