எட்டு மாதப் பிள்ளைக்கு வேர்க்காத பூசணி உடுப்பு: உதவி தேவை

ஒக்டோபர் 31 இரவு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் பிள்ளைகளுக்கு ஹாலோவீன் மாறுவேடக் கொண்டாட்டம். கணவர் வெருளி: பழைய சாரம், கிழிந்த சேர்ட், கைநுனியில் வைக்கோலுக்குப் பதில் தும்பு. நான் கறுப்புச் சுடிதாரில் காகம். எங்கள் இரண்டு பேருக்கும் செலவே இல்லை. சிக்கல் மகளின் பூசணி உடுப்புதான்.

முதலில் புறக்கோட்டையில் ஒரேஞ்ச் ஃபெல்ட் துணி வாங்கி, உள்ளே பஞ்சு அடைத்துக் கையாலேயே தைத்தேன். போட்டுப் பார்த்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கழுத்து மடிப்பெல்லாம் சிவந்துவிட்டது. (கொழும்பு வெக்கையில் பஞ்சு அடைத்தது என் புத்தி.) அப்புறம் கொட்டன் சட்டையில் கறுப்புத் துணியில் கண், மூக்கு வெட்டி ஒட்டினேன். ஒரு கண்ணைப் பிய்த்து வாயில் போட்டுவிட்டாள். இப்போது சுற்றிவரத் தைத்தாயிற்று, அது சரி. ஆனால் உடுப்பு தட்டையாகத் தொங்குகிறது. பூசணி என்று சொன்னால்தான் தெரியும். பச்சைத் தொப்பியை இழுத்து எறிகிறாள். கழுத்தில் நாடா கட்டப் பயம், அதனால் தொப்பியை விட்டுவிட்டேன்.

தையல் மெஷின் இல்லை. இன்னும் ஐந்து நாள்தான். பஞ்சு அடைக்காமல், மெல்லிய கொட்டன் துணியிலேயே அந்த உருண்டை வடிவம் வர எப்படித் தைக்கலாம்?